சிவப்பு விளக்கு எரிந்தால்: தர்மபுரி மாவட்டத்தாருக்கு ஒரு பழுதுநீக்கும் கையேடு

ஒயர் இல்லாத வாக்யூம் கிளீனர் வாங்கினால் அட்டைப்பெட்டிக்குள் ஒரு கையேடு வரும். உலகத்து மொழிகளில் பாதி அதில் இருக்கும், தமிழ் இருக்காது. கடைசிக்கு முந்தைய பக்கத்தில் ஒரு கட்டம் போட்டு, 'சிவப்பு விளக்கு அணையாவிட்டால் சென்சாரைத் துடைக்கவும்' என்று ஒரே வரியில் முடித்திருப்பார்கள். சென்சார் எங்கே இருக்கிறது, எதை வைத்துத் துடைப்பது, துடைக்கப் போவதற்குள் ஒரு குடும்பத்தில் என்னென்ன நடந்து முடியும் என்பதையெல்லாம் எழுதியவர் யோசிக்கவில்லை. பாவம், அவர் செம்மண்ணைப் பார்த்திருக்க மாட்டார். திண்ணை முழுக்கப் புளி தட்டுகிற மாசி பங்குனியையும் பார்த்திருக்க மாட்டார். அந்தக் குறையைப் போக்கவே இந்தக் கையேடு. தர்மபுரி, பாலக்கோடு, பென்னாகரம், அரூர், பாப்பிரெட்டிப்பட்டி, காரிமங்கலம், நல்லம்பள்ளி ஆகிய ஏழு வட்டத்தாருக்கும் பொருந்தும். கிருஷ்ணகிரிக்காரர்கள் 2004-இல் தனி மாவட்டமாகப் பிரிந்து போய்விட்டாலும் புழுதியைப் பிரித்துக்கொண்டு போகவில்லை என்பதால் அவர்களும் படிக்கலாம்.

எங்கள் வீட்டு மெஷின் பெங்களூரில் வேலை பார்க்கும் தம்பி பொங்கலுக்கு வாங்கி வந்தது. "இனிமே நீ குனியவே வேணாம்மா" என்று அம்மா கையில் கொடுத்தான். அம்மா அதை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஆனைத் தும்பிக்கை மாதிரி இருக்குதே" என்றாள். அன்றிலிருந்து அதன் பெயர் தும்பிக்கை.

தும்பிக்கையின் தலையில் ஓர் ஒளி வளையம் உண்டு. தூசி இருந்தால் சிவப்பாகும், இல்லாவிட்டால் நீலமாகும். ஒன்பது மாதம் ஒழுங்காகத்தான் ஓடியது. போன ஆயுத பூஜைக்கு அரிவாள்மனை, மிக்ஸி, தையல் மெஷின், மகனின் சைக்கிள், கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டர் என்று எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைத்தபோது தும்பிக்கையையும் குழாய் வேறு உடம்பு வேறாகக் கழற்றி அந்த வரிசையில் சேர்த்தோம். பொரிகடலை பரப்பி, சூடம் காட்டி, எல்லாம் முறையாக நடந்தது. விஜயதசமி காலையில் கூடத்தில் சிந்திய பொரியை அள்ள மனைவி அதை எடுத்தாள். ஸ்விட்சைத் தொட்டதும் வளையம் முழுக்கச் சிவப்பு. பொரியையெல்லாம் உறிஞ்சி முடித்த பிறகும் சிவப்பு. தூக்கி விட்டத்தைப் பார்த்துப் பிடித்தாலும் சிவப்பு.

"பூசை போட்டதும் அருள் வந்திருக்குது, கொஞ்ச நேரம் வுடுங்க" என்றாள் அம்மா.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. மெஷினைத் தொடாதீர்கள். கடைசியாக அதைத் தொட்டது யார் என்று முதலில் கண்டுபிடியுங்கள். "நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு" என்று யார் முதலில் சொல்கிறாரோ அவரை விட்டுவிடலாம். அந்த நேரத்தில் வீட்டில் இல்லாதவர்தான் குற்றவாளி. எங்கள் வீட்டில் அது மகன். டியூஷனிலிருந்து அவன் திரும்பி வந்தபோது தீர்ப்பே எழுதி முடித்திருந்தோம்.

இரண்டாவதாக, வாங்கித் தந்தவருக்குப் போன் செய்ய வேண்டும். தம்பி மீட்டிங்கில் இருந்தான். "ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருண்ணா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டான். பெங்களூரில் சம்பளம் வாங்கும் நம் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த ஒரே மருந்து இது. கேலியாகச் சொல்லவில்லை, பல சமயம் இது பலிக்கும். பேட்டரியைக் கழற்றி ஒரு நிமிடம் வைத்துவிட்டு மாட்டினால் உள்ளே இருக்கும் சில்லு பழையதை மறந்துவிட்டு முதலிலிருந்து எண்ணத் தொடங்கும். எங்களுக்குப் பலிக்கவில்லை.

மூன்றாவது, தட்டிப் பார்ப்பது. ரேடியோ காலத்திலிருந்து வரும் வைத்தியம். இதை இங்கே விளக்கப் போவதில்லை, உங்களுக்கே தெரியும்.

அடுத்த சந்தேகம் பேட்டரி மேல் போகும். போகட்டும், அதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. தும்பிக்கையின் கைப்பிடிக்குக் கீழே விரல் பருமனில் ஆறு லித்தியம் செல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 18 மில்லிமீட்டர் தடிமன், 65 மில்லிமீட்டர் நீளம். ஒன்றுக்கு 3.6 வோல்ட் வீதம் ஆறும் சேர்ந்து 21.6. அவற்றை ஒட்டினாற்போல் மிளகு அளவில் ஒரு வெப்ப சென்சார் உட்கார்ந்திருக்கும். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். அந்தக் கணக்கை வைத்து மெஷின் தன் காய்ச்சலைத் தானே பார்த்துக்கொள்கிறது. இந்த வகை செல்களைப் பொதுவாக 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. சித்திரை மாதம், சிமென்ட் ஷீட் போட்ட அறை, அதற்குள் அப்போதுதான் வீடு முழுக்க ஓடி முடித்த மெஷின் என்றால் 45 என்ன பெரிய தூரம்? போன கோடையில் தும்பிக்கை சார்ஜ் ஏறமாட்டேன் என்று கண்சிமிட்டியபோது பேட்டரி போச்சு என்றே முடிவு கட்டியிருந்தோம். அம்மா அதைத் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டுத் தூங்கப் போனாள். ஒரு மணி நேரத்தில் தானாகச் சார்ஜ் ஏறியது. இதை நான் சிபாரிசு செய்கிறேன். பானைக்குப் பக்கத்தில் வையுங்கள், பானை மேல் வேண்டாம். அவசரப்பட்டு ஃபிரிட்ஜுக்குள் வைக்க வேண்டாம், வெளியே எடுத்ததும் வியர்த்துக் கொட்டி வேறு வியாதி வரும்.

ஆனால் விஜயதசமி ஐப்பசிக்குப் பக்கம். காய்ச்சலுக்குக் காரணம் இல்லை. பிறகு பார்த்தால், சுவரில் தொங்கிய சார்ஜர் மாறியிருந்தது. செட்டாப் பாக்ஸின் அடாப்டர் 12 வோல்ட், தும்பிக்கையினுடையது 26 வோல்ட், இரண்டின் முனையும் ஒன்றுபோல் இருக்கும். பூஜைக்குச் சுத்தம் செய்தபோது இடம் மாறியிருக்கிறது. டிவியை யாரும் பார்க்காமல் இருந்ததால் செட்டாப் பாக்ஸ் பிழைத்தது. அடாப்டரில் அச்சடித்த எழுத்து எறும்பை விடச் சின்னதாக இருக்கும், ஆகவே எது எதற்கு என்று ஒரு பிளாஸ்திரி ஒட்டிப் பேனாவால் எழுதி வையுங்கள். இந்தக் கையேட்டில் நான் முழு மனதோடு சொல்லும் அறிவுரைகளில் இது ஒன்று. சார்ஜரைச் சரி செய்தோம். சிவப்பு அப்படியே எரிந்தது.

இனி ஃபில்டர். இதைத் தனியாகப் பேச வேண்டும்.

ஃபில்டரைக் கழுவச் சொல்கிற கையேடு எதுவும் எந்தத் தண்ணீரில் என்று சொல்வதில்லை. நம் மாவட்டத்தில் அதுதானே முதல் கேள்வி? எங்கள் வீட்டு போர் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. குழாய் மூக்கில் வெள்ளை வெள்ளையாய்க் காரை கட்டும். அது சுண்ணாம்புச் சத்து. அதே தண்ணீரில் நாலு முறை ஃபில்டரை அலசிக் காயவைத்தால் மடிப்புகளுக்குள்ளும் அதே காரைதான் கட்டும். கண்ணுக்கு வெள்ளை வெளேரென்று புதிது மாதிரி தெரியும், காற்றுதான் போகாது. நம் ஊர்த் தண்ணீரின் இன்னொரு குற்றமான ஃபுளோரைடு இதில் சேராது. அது மனிதர்களின் பல்லையும் எலும்பையும் பிடிக்கிற சனியன். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய தண்ணீரைச் சின்ன வயதிலிருந்து குடித்தவர்கள் வாயைத் திறந்து சிரிக்கவே கூச்சப்பட்ட ஊர்கள் இங்கே உண்டு. எங்கள் வகுப்பு போட்டோவில் பாதிப் பேர் உதட்டை மூடிக்கொண்டுதான் நிற்கிறோம். ஜப்பான் கடனுதவியோடு கட்டிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கிய பிறகுதான் காவிரித் தண்ணீர் தர்மபுரி, கிருஷ்ணகிரி வீடுகளுக்கு ஏறி வந்தது.

அப்படி வந்த தண்ணீரில் ஒரு சொம்பை எடுத்துத் தூசி ஃபில்டரைக் கழுவலாமா என்று வீட்டில் வாக்குவாதம் நடந்தது. மனைவி கழுவலாம் என்றாள். "குடிக்கிற தண்ணியில அழுக்கு மூக்கைக் கழுவறதா?" என்றாள் அம்மா. கடைசியில் மழைத் தண்ணீர் பிடித்துக் கழுவினோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள், யார் மனமும் புண்படாது. ஆனால் மழை பெய்கிற நாளில் கழுவினால் ஃபில்டர் காயாது. நிழலில் முழுதாக 24 மணி நேரம் காய வேண்டும். ஈரத்தோடு மாட்டினால் தூசி சேறாகிவிடும், நாற்றம் தெருமுனை வரை போகும். அடுப்பு மேல் காயவைத்தால் அந்த நாளோடு ஃபில்டர் போச்சு. ஹெப்பா என்று போட்டிருக்கும் அந்த வடிகட்டி 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்க வேண்டிய சாதனம். ஓரத்தில் சின்னதாய் உருகிச் சுருண்டாலும் அந்தக் கணக்கு வெறும் அட்டைப்பெட்டி எழுத்துதான். எங்களுடையது மூன்று நாள் கொடியில் தொங்கியது, பக்கத்தில் மகனின் ஸ்கூல் யூனிஃபார்ம். மாட்டினோம். சிவப்பு.

இதற்குள் ஐந்து நாள் ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஓசூரிலிருந்து அக்கா வீட்டுக்காரர் வந்தார். அவர் வீட்டில் தானாக ஓடும் ரோபோ இருப்பதால் எங்கள் குடும்பத்தில் அவர் நிபுணர். அந்த ரோபோ கதையையும் சொல்லிவிடுகிறேன். அவர் புது வீட்டுக் கூடத்தில் இந்தப் பக்கத்துக் கறுப்புக் கிரானைட்டை ஓரமாகப் பட்டையிட்டுப் பதித்திருக்கிறார். ரோபோவின் அடிவயிற்றில் பள்ளம் பார்க்கும் சென்சார்கள் உண்டு. கீழே ஒளியை விட்டு, அது திரும்பி வந்தால் தரை, வராவிட்டால் படிக்கட்டு என்று எடுத்துக்கொள்ளும். கறுப்புக் கல் ஒளியை விழுங்கிவிடும், ஆகவே ஒவ்வொரு பட்டையும் அதற்கு ஒரு கிணறு. சதுர அடிக்குக் காசு கொடுத்துப் பதித்த கல்லின் முன்னால் அது தயங்கித் தயங்கித் திரும்பிப் போவதைப் பார்க்கப் பொறுக்காமல் மாமா சென்சார்கள் மேல் வெள்ளைக் காகிதம் ஒட்டினார். அன்றைக்கு அது பயமில்லாமல் கூடத்தைச் சுற்றி வந்தது. சாயங்காலம் மாடிப்படியிலும் பயமில்லாமல் இறங்கியது.

இந்த அனுபவத்தோடு வந்தவர் தும்பிக்கையைக் காதருகே வைத்துக் கேட்டார். "அடைப்புதான்" என்றார். அவர் சொன்ன காரணத்தை மறுக்க முடியவில்லை. காற்று வழி அடைபட்டால் மோட்டார் பாரம் தாங்காமல் திணறும் என்றுதான் நாம் நினைப்போம். நடப்பது தலைகீழ். தள்ளுவதற்குக் காற்றே இல்லாததால் விசிறி வெறுமனே இன்னும் வேகமாகச் சுழலும், மின்சாரம் குறைவாக இழுக்கும், சத்தம் கீச்சென்று மேலே ஏறும். மெஷின் அந்த மாற்றத்தை வைத்துத்தான் அடைப்பு என்று தெரிந்துகொள்கிறது. சோதிக்கும் முறை எளிது. பேட்டரியைக் கழற்றிவிட்டு முனையிலுள்ள பிரஷ், நீளக் குழாய், தூசி டப்பா எல்லாவற்றையும் பிரியுங்கள். குழாயை எடுத்துச் சூரியனைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக் கண்ணை வையுங்கள், வெளிச்சம் தெரிய வேண்டும். பிறகு ஒவ்வொன்றாக மாட்டி ஓட்டுங்கள். எதை மாட்டியதும் சத்தம் மாறுகிறதோ அங்கேதான் அடைப்பு.

எங்கள் குழாயின் வளைவில் இருந்தவை: போன பங்குனியின் புளியம்பழ ஓடு, அதை ஒட்டிக்கொண்டு நார், நாரில் சிக்கிய ஒரு பாசிமணி, சொசைட்டி பில்லில் பாதி, விஜயதசமிப் பொரி. பிரஷ் உருளையில் வேறு ஒரு உலகம். மூன்று தலைமுறைப் பெண்களின் முடி, அதன் மேல் பூ கட்டின வாழைநார், அதன் மேல் மறுபடி முடி. உருளை சிக்கினால் மோட்டார் மின்சாரத்தை அதிகமாக இழுக்கும், மெஷின் தானே நின்று சிவப்பாகக் கண்சிமிட்டும். அது சென்சார் கோளாறு இல்லை. பழைய பிளேடால் நீளவாக்கில் கீறினால் மொத்தமாகக் கழன்று வரும், உருளையின் பிரஷ் மயிரை மட்டும் அறுத்துவிடாதீர்கள். வீட்டில் காதுத் தோடின் திருகாணி காணாமல் போயிருந்தால் முதலில் இங்கே தேடுங்கள். எங்களுக்கு ஒன்று கிடைத்தது. யாருடையது என்று இன்னும் முடிவாகவில்லை.

மாமா கையைக் கழுவிக்கொண்டு ஸ்விட்சை அழுத்தினார். சத்தம் அருமையாக இறங்கியிருந்தது. நிறம் மாறவில்லை. "அப்ப போர்டு போயிருக்கும் மாப்ள" என்றார். போர்டு என்ற சொல் வந்துவிட்டால் வீட்டு வைத்தியம் முடிந்தது என்று பொருள்.

சர்வீஸ் நம்பருக்குப் போன் செய்வது எட்டாம் நாள் வேலை. முதலில் இந்தியில் பேசுவார்கள், இங்கிலீஷுக்கு இரண்டை அழுத்தலாம், தமிழுக்கு அழுத்த எண் இல்லை. பின்கோடு கேட்பார்கள். சொன்னதும் அந்தப் பக்கம் ஒரு மௌனம் வரும், துக்க வீட்டில் வருகிற மாதிரி. பிறகு, மெஷினைப் பழைய பெட்டியிலேயே வைத்துக் கூரியரில் அனுப்பச் சொல்வார்கள். அந்தப் பெட்டியில் இப்போது கொலு பொம்மைகள் இருக்கின்றன என்று நான் சொன்னது அந்தப் பெண்ணுக்குப் புரிந்ததா தெரியவில்லை.

இத்தனை நாளும் வீடு பெருக்காமலா இருந்தது? தினமும் காலை ஐந்தரைக்கு வாசலில் சரக் சரக்கென்று சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அம்மா தென்னஞ்சீமாறால் வாசலையும், புல்லுத் துடைப்பத்தால் கூடத்தையும் பெருக்கி முடித்துவிடுவாள். தகடூர் என்று பெயரிருந்த காலத்தில் எங்கள் தர்மபுரியை ஆண்ட அதியமானுக்காக ஔவையார் காஞ்சிக்குத் தூது போன கதை நினைவுக்கு வந்தது. தொண்டைமான் தன் ஆயுதசாலையைக் காட்ட, உன் ஆயுதங்கள் எண்ணெய் பூசி மாலை போட்டுப் பளபளக்கின்றன, அதியமானுடையவை சண்டையில் முனை ஒடிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று அவர் சொன்னது புறநானூற்றின் 95-ஆம் பாட்டில் இருக்கிறது. பட்டறையில் கிடப்பதுதான் பெருமை என்றால் எங்கள் தும்பிக்கையும் பெருமைப்படலாம். ஆனால் முனை ஒடிந்து பாதியாகத் தேய்ந்து நின்றது சீமாறுதான். பொட்டு வைத்துக்கொண்டு படுத்திருந்தது மற்றது. இரண்டுக்கும் உள்ள உறவுமுறையையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்துக் கான்டன் ஊரில் ஜேம்ஸ் மரே ஸ்பேங்ளர் என்கிற ஒரு துப்புரவுத் தொழிலாளி, பெருக்கும்போது எழும் தூசியால் ஆஸ்துமா தாங்காமல், 1907-இல் ஒரு விசிறி மோட்டாரையும் தலையணை உறையையும் துடைப்பக் கட்டையையும் சேர்த்துக் கட்டினார். கையில் தூக்கிப் போகும் மின்சார வாக்யூம் கிளீனரின் மூதாதை அதுதான். அதன் காப்புரிமையை வாங்கியவர் ஹூவர், பெயரும் அவருக்கே போனது.

பதினோராம் நாள். தீர்ப்பு வழங்கப்பட்டுத் தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்த மகன் தும்பிக்கையின் குழாயைக் கழற்றிவிட்டு அதன் வாய்க்குள் என் போனை நீட்டிக்கொண்டிருந்தான்.

"என்னடா பண்றே?"

"கண்ணு எரியுதான்னு பாக்கறேன்ப்பா."

அவன் செய்ததை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் இந்தக் கையேட்டில் நீங்கள் முதலில் செய்ய வேண்டியது இதைத்தான். குழாய் வந்து சேரும் வாயின் உட்சுவரில் எதிரும் புதிருமாக இரண்டு சின்னக் கண்கள் இருக்கும். ஒன்று அகச்சிவப்பு ஒளியை விடும், மற்றது வாங்கும். நடுவே தூசி பறந்தால் ஒளி விட்டு விட்டுத் தடைபடும், அதை எண்ணித்தான் சிவப்பும் நீலமும். இந்த ஒளி நம் கண்ணுக்குத் தெரியாது, போன் கேமராவுக்குத் தெரியும். டிவி ரிமோட்டின் மூக்கைக் கேமராவுக்குக் காட்டிப் பட்டனை அழுத்திப் பாருங்கள், வெளிர் ஊதாவாக மினுங்கும். சில போன்களின் பின் கேமரா அதை வடிகட்டிவிடும், அப்போது முன் கேமராவில் பார்க்க வேண்டும். கேழ்வரகு மாவு சலிக்கிற வீட்டில் இந்தக் கண்களில் மாவு படிவது சாதாரணம். கண்புரை வந்தவர் ஊரெல்லாம் பனி என்று சொல்வதுபோல், மெஷின் வீடெல்லாம் தூசி என்று நம்பி முழு வேகத்தில் ஓடிப் பேட்டரியைக் காலி செய்யும். விலை கூடிய சில மாடல்களில் ஒளிக்குப் பதிலாக, துகள் வந்து மோதும் அதிர்ச்சியில் மின்சாரம் தரும் பீசோ சென்சார் இருக்கும். உங்கள் கேஸ் லைட்டர் டக்கென்று பொறி தருவதும் அதே தத்துவத்தில்தான். அதற்கு இந்தக் கேமரா வித்தை செல்லாது.

எங்களுடையதில் ஒளி விடும் கண் மினுங்கவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தான். அதன் மேல் மஞ்சளாக, வெடித்த ஏரி மண் மாதிரி ஏதோ காய்ந்திருந்தது. நடுவில் ஒரு துளி சிவப்பு.

குழாய் கழன்றிருந்த வாய்க்கு அன்றைக்குப் பொட்டு வைத்தது யார் என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே மனைவி அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். பேட்டரியைக் கழற்றி, காது குடையும் பஞ்சுக் குச்சியைத் துளி ஈரமாக்கி, சந்தனத்தை ஊறவைத்துத் துடைத்து, காய்ந்த குச்சியால் இன்னொரு முறை துடைத்தோம். மொத்தம் மூன்று நிமிடம். சொட்டச் சொட்ட ஈரம், தேங்காய் எண்ணெய், ஸ்பிரிட் எதுவும் வேண்டாம். ஸ்விட்ச் போட்டதும் சிவப்பு வந்தது, பதறாதீர்கள், அது பதினோரு நாள் புழுதி. கூடத்தை ஒரு சுற்று சுற்றி வந்தபோது நீலமானது.

மகன் மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. புரோட்டா வாங்கிக் கொடுத்தோம்.

அடுத்த ஆயுத பூஜையை முன்னிட்டு ஒரு வேண்டுகோள் வைத்தேன். பொட்டு வைத்தே ஆக வேண்டும் என்றால் தூசி டப்பாவின் வெளிப்பக்கம் வைக்கலாம். வாய், சார்ஜ் ஏறும் செம்பு முனைகள், ஒளி வளையம் மூன்றும் கூடாது. அம்மா சீமாறைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள்.

"அதெல்லாம் வேணாஞ்சாமி" என்றாள். "அடுத்த வருசம் சந்தனத்தைக் கொஞ்சம் கெட்டியாக் கரைச்சிக்கலாம்."